பிரசங்கம் முடிந்த பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் ஊழியம் செய்யும் நாங்கள் எட்டுப் போதகர்கள் மாதம் ஒருமுறை கூடி, நீதி, சமத்துவம் பற்றிப் பிரசங்கிக்க ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். சொல்லித்தர பேராசிரியர் யாரும் இல்லை. இது பயன் தருமா? சாதி என்று வாயெடுத்தாலே "அரசியல் வேண்டாங்க ஐயா" என்கிறார்கள் கமிட்டியில். என்ன செய்வது?

ஓர் இளம் போதகர், சேலம்

அன்புள்ள தம்பி,

அவசியம் கூடுங்கள். ஆனால் 'சமூக நீதி' என்று தலைப்பு வைத்து ஆளுக்கொரு கட்டுரை வாசிக்காதீர்கள். போன ஞாயிறு செய்த பிரசங்கத்தைக் கொண்டுவாருங்கள். செய்து முடித்த பிரசங்கத்தில்தான் நாம் எங்கே நின்று பேசினோம் என்பது தெரியும்.

நான் சபை அழைத்தால் பேசுகிறவன், போதகன் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஜெபக்கூட்டத்தில் மத்தேயு 20, திராட்சத்தோட்ட வேலையாட்கள் உவமையைப் பேசினேன். காலையிலேயே வந்தவனுக்கும் பதினோராம் மணி வேளையில், அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரே பணம் கூலி. அது தேவகிருபை என்று உருகிப் பேசிவிட்டு இறங்கினேன். காபிப் பழம் பறிக்கும் பருவம் அது. விரல்களெல்லாம் கறுத்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் வந்தார்.

"கடைசியா வந்தவங்களுக்கும் முழுக்கூலி குடுத்தாருன்னு சொன்னீங்க. சாயங்காலம் வரைக்கும் அவங்கள ஏன் ஒருத்தரும் கூப்புடல? அதச் சொல்லலீங்களே. வயசான எங்களயெல்லாம் மேஸ்திரி கடைசியாத்தானுங்க பாப்பாரு."

விடை அந்த அதிகாரத்திலேயே, ஏழாம் வசனத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒருவரும் வேலை கொடுக்கவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள். எத்தனையோ முறை வாசித்த வசனம். நான் அதைத் தாண்டித் தாண்டியே போயிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வரும்வரை மனம் ஆறவில்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வியை என் சக பிரசங்கிகள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. "நல்லா இருந்துச்சு ஐயா" என்று கைகொடுப்போம், அவ்வளவுதான். உங்கள் கூட்டத்தில் அந்த வார்த்தையை மட்டும் விலக்கிவையுங்கள். ஒருவருடைய பிரசங்கத்தைப் பற்றி மற்றவர்கள் பேசும் வேளையில் அவர் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளட்டும். அந்தப் பகுதியில் யார் வாய் திறக்கவில்லை, நம் பெஞ்சில் யார் அதைக் கேட்டுத் தலை குனிந்திருப்பார் என்று கேளுங்கள்.

அரசியல் என்கிறார்களே, அதற்கு வருகிறேன். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, சில சீக்கியச் சாதிகளைத் தவிர, பட்டியல் சாதியில் இந்துக்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. 1956ல் மற்ற சீக்கியரும், 1990ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற தலித் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சான்றிதழ், தம்பிக்கு வேறு. பொய் சொன்னதால் விழுந்து செத்த அனனியா, சப்பீராள் தம்பதியின் கதையை எடுத்து நீங்கள் பொய்யைக் கண்டிக்கும்போது, பிள்ளையின் படிப்புக்கான பட்டியல் சாதிச் சலுகைக்காக இந்து என்று எழுதிக்கொடுத்த தகப்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சாதி என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனாலும் அது அவர் மேல்தான் விழுந்தது. கமிட்டியிடம் வாதாடாதீர்கள். இந்தத் தகப்பனிடம் என்ன சொல்வது என்று எட்டுப் பேரும் ஒரு முழு மாலை உட்கார்ந்து யோசியுங்கள்.

இன்னொன்று. உங்கள் பட்டியலில் எட்டுப் பேரும் ஆண்கள் என்று நினைக்கிறேன். தென்னிந்தியத் திருச்சபையில் புஷ்பா லலிதா 2013லேயே பேராயர் ஆகிவிட்டார். உங்களுக்குள் ஒரு ஆயரம்மாவோ, வீடு வீடாகப் போகும் ஒரு பைபிள் உமனோ இல்லாமல் முதல் கூட்டத்தைத் தொடங்காதீர்கள்.

அந்த ஏற்காட்டுப் பிரசங்கத்தின் குறிப்பு இன்னும் என் பைபிளுக்குள் இருக்கிறது. முதல் மாதம் யார் முன்வருவது என்று தயங்கினால் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்