இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றிக்கொள்ளலாமா? கேள்வி பதில்

கடலூரில் சிறிய கிளினிக் ஒன்றில் குடும்ப மருத்துவம் பார்த்து வருகிறேன். இரும்புச்சத்தை டிரிப்ஸாக ஏற்றிக்கொள்வது பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

நெல்லிக்குப்பம், 36 வயதுப் பெண்: எனக்கு ஹீமோகுளோபின் 8.2, ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 6. மூன்று மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியதில் வயிற்று வலியும் மலச்சிக்கலும்தான் மிச்சம். எங்கள் குடும்ப டாக்டர் தம் கிளினிக்கிலேயே ஏற்றிவிடலாம் என்கிறார். மாமியாரோ, "இரும்பு ஊசி போட்டு ஆள் போன கதை எனக்குத் தெரியும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உங்கள் மாமியாரின் அச்சம் வெறும் கற்பனை அன்று. முன்பு பரவலாக வழக்கில் இருந்த அயர்ன் டெக்ஸ்ட்ரான் என்னும் மருந்து சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கிறது, உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. இன்று நம் பகுதியில் பெரும்பாலும் ஏற்றப்படுபவை அயர்ன் சுக்ரோஸும், எஃப்.சி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸும்தான். இவற்றில் கடும் ஒவ்வாமை மிக அரிது; ஆனால் அறவே வராது என்று எந்த மருத்துவரும் எழுதித் தர முடியாது. ஆகவே கட்டடம் பெரிதா சிறிதா என்பதைவிட, ஏற்றும் இடத்தில் ஆக்சிஜனும் அட்ரினலின் ஊசியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா, ஏற்றி முடித்த பிறகு அரை மணி நேரம் உங்களை உட்கார வைத்துக் கவனிப்பார்களா, அவ்வளவு நேரமும் மருத்துவர் அங்கேயே இருப்பாரா என்பவற்றைத்தான் கேட்க வேண்டும். இவை இருந்தால் உங்கள் டாக்டரிடமே ஏற்றிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஆஸ்துமா உண்டா, எந்த மருந்து முன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் முன்பின் தெரியாதவரைவிட அவருக்குத்தான் தெரியும். வீட்டுக்கே வந்து பாட்டிலைக் கட்டிவிட்டுப் போகிறேன் என்று யாராவது சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும் நாளில் ஏற்றுவதில்லை. அது தணிந்த பிறகு போங்கள்.

முதலில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்தால் போதாதா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். சோதனை அளவைத் தாங்கியவருக்கும் பின்னர் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், ஐரோப்பிய மருந்துகள் முகமை 2013ஆம் ஆண்டிலேயே அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. மெதுவாகத் தொடங்குவதும் பக்கத்திலேயே நிற்பதும்தான் பாதுகாப்பு.

திருப்பாதிரிப்புலியூர், கணவர்: என் மனைவிக்கு ஹீமோகுளோபின் 7, எடை 50 கிலோ. ஒரு டாக்டர் இரண்டு முறை வந்தால் போதும் என்கிறார். இன்னொருவர் ஏழெட்டு முறை வரச் சொல்கிறார். யாராவது ஏமாற்றுகிறார்களா?

இருவருமே சரியாகச் சொல்லியிருக்கலாம். உடலுக்கு எவ்வளவு இரும்பு வேண்டும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. எட்ட வேண்டிய ஹீமோகுளோபினிலிருந்து இப்போதுள்ளதைக் கழித்து, அதை எடையாலும் 2.4ஆலும் பெருக்கி, சேமிப்புக்காக 500ஐக் கூட்ட வேண்டும். இலக்கு 15 என்று வைத்தால் உங்கள் மனைவிக்கு 50 × 8 × 2.4 = 960; அதனுடன் 500 சேர்த்தால் 1460 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸை வழக்கமாக ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம் என ஒருநாள் விட்டு ஒருநாள் ஏற்றுவதால் ஏழெட்டு முறை வர வேண்டியிருக்கும். எஃப்.சி.எம். மருந்தை ஒரே தடவையில் 1000 மில்லிகிராம் வரை ஏற்றலாம். ஒரு வாரம் கழித்து மீதி ஏறத்தாழ 500ஐ ஏற்றினால் முடிந்தது. மெலிந்தவர்களுக்கு இந்த உச்ச அளவு எடைக்கேற்பக் குறையும். எடையே பார்க்காமல் எத்தனை பாட்டில் என்று சொல்பவரிடம் அந்த எண் எப்படி வந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

சுக்ரோஸ் விலை குறைந்தது, எஃப்.சி.எம். விலை கூடுதல். பரங்கிப்பேட்டையிலிருந்து எட்டு நாள் பஸ் ஏறி, எட்டு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் ஒருவருக்கு எது மலிவு என்பதை மருந்துக் கடை ரசீதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. எஃப்.சி.எம். சிலருக்கு இரத்தத்தில் பாஸ்பேட் அளவைக் குறைத்துவிடும். குறிப்பாகத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொள்பவர்கள், அதன்பின் எலும்பு வலியோ முன்னைவிட அதிகமான சோர்வோ வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இன்னொன்று: நம் ஊரில் எல்லாப் பாட்டிலையும் குளுக்கோஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்த மருந்துகளைக் குளுக்கோஸில் கலப்பதில்லை. நார்மல் சலைனில்தான் கலக்கிறோம். பாட்டில் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது இரும்பின் நிறம்.

வில்லியனூர், 41 வயதுப் பெண்: ஒரு கிளினிக்கில் ஏற்றத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் முகம் சூடாகி, நெஞ்சை அழுத்தி, முதுகும் வலித்தது. உடனே நிறுத்தி அவில் ஊசி போட்டார்கள். அதன்பின் பிரஷர் இறங்கி, மயக்கமாகி, மாலை வரை படுத்தே கிடந்தேன். "உங்களுக்கு இரும்பே ஒத்துக்கொள்ளாது" என்று சீட்டில் எழுதிவிட்டார்கள். இனி எனக்கு வழியே இல்லையா?

நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை கவனத்துக்குரியது. முகம் சிவந்து சூடாவது, நெஞ்சு இறுக்கம், முதுகு வலி ஆகிய மூன்றும் மட்டும் வந்து, தோலில் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சில் இழுப்போ, பிரஷர் வீழ்ச்சியோ இல்லாவிட்டால், அது பெரும்பாலும் உண்மையான ஒவ்வாமை அன்று. டிரிப்ஸை நிறுத்திய சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். சற்றுப் பொறுத்து, வேகத்தைக் குறைத்து மீண்டும் தொடங்கினால் பலர் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஏற்றி முடிக்கிறார்கள். அவசரப்பட்டுப் போடும் அவில் போன்ற பழைய வகை ஒவ்வாமை மருந்துகளே தூக்கத்தையும் பிரஷர் இறக்கத்தையும் கொண்டுவரக்கூடும். பிறகு பழி முழுவதும் இரும்பின் மேல் விழுந்துவிடும். அதனால்தான் எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே அவில் போடும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. அன்றைய பிரஷர் குறிப்புகளை அந்தக் கிளினிக்கில் கேட்டு வாங்குங்கள். பிரஷர் அவிலுக்கு முன் இறங்கியதா பின் இறங்கியதா என்பதுதான் முக்கியம். முன்பே இறங்கியிருந்தால், இனி எதுவானாலும் பெரிய மருத்துவமனையில்தான்.

முத்தியால்பேட்டை, 29 வயது: ஊசி போட்ட இடத்தில் கையில் பழுப்பாகக் கறை படிந்திருக்கிறது. போகுமா?

மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அப்படி ஆகும். மெல்ல மங்கலாம், ஆனால் பல மாதங்கள் ஆகும், சிலருக்கு நிலைத்தும்விடும். ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் அந்த நொடியே சொல்லிவிடுவதுதான் இதற்கு மருந்து.

பாகூர், ஏழாம் மாதக் கர்ப்பிணியின் தாய்: மகளுக்கு ஹீமோகுளோபின் 7.8. குழந்தைக்கு ஆகாது என்று பயமாக இருக்கிறது.

முதல் மூன்று மாதங்களில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதில்லை. அதற்குப் பிறகு ஏற்றலாம். ஏழாம் மாதத்தில் இந்த அளவோடு மாத்திரையை நம்பிக் காத்திருப்பதைவிட ஏற்றுவதே நல்லது என்பது என் கருத்து. 7க்குக் கீழே இறங்கினால் அது கடும் இரத்தசோகை. அப்போது குடும்ப மருத்துவர் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் எல்லையை அது கடந்துவிடும். பிரசவ நாள் நெருங்கிவிட்டால் இரும்பு வேலை செய்ய அவகாசம் இராது. இரத்தமே ஏற்ற வேண்டி வரலாம். எனவே எங்கே ஏற்றிக்கொண்டாலும், புதுச்சேரியின் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை போன்ற, பிரசவமும் இரத்த வசதியும் உள்ள இடத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள்.

பண்ருட்டி, 58 வயது ஆண், முந்திரித் தோப்பு வேலை: ஹீமோகுளோபின் 9. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பரிசோதனை என்று அலைய நேரமில்லை, ஊசியைப் போட்டுவிடுங்கள் என்றால் எங்கள் டாக்டர் மறுக்கிறார்.

மறுப்பவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு இரும்பு குறைந்தால் காரணம் பெரும்பாலும் கண்முன் இருக்கும். ஓர் ஆணுக்கு, அதுவும் இந்த வயதில் குறைந்தால், இரைப்பையிலோ குடலிலோ எங்கேயோ இரத்தம் கசிகிறது என்றுதான் முதலில் எண்ண வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இதே விதிதான். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளால் வந்த புண்ணாக இருக்கலாம். தோப்பில் வெறுங்காலோடு நடப்பவரென்றால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். அதற்கு 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்ற எளிய மருந்து இருக்கிறது. குடல் புற்றாகவும் இருக்கலாம். மூலம் இருக்கிறது, அதனால்தான் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். மூலத்தைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு ஓராண்டைக் கழித்துவிட்டு, முற்றிய கட்டியோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்கைந்து டிரிப்ஸ் ஏற்றினால் மூச்சு வாங்குவது நின்றுவிடும். நின்ற பிறகு நீங்கள் எண்டோஸ்கோபிக்குப் போக மாட்டீர்கள். உங்கள் டாக்டரின் பயமும் அதுதான். கோரிமேடு ஜிப்மருக்கோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எண்டோஸ்கோபிக்கு நாள் குறித்துவிட்டு வந்தால், இடைப்பட்ட நாள்களில் இரும்பு ஏற்ற அவரும் தடை சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.

நெய்வேலி, 33 வயதுப் பெண்: ஏற்றிய பத்தாம் நாள் ஃபெரிட்டின் 900 என்று வந்திருக்கிறது. இரும்பு அதிகமாகிவிட்டதா?

இல்லை. ஏற்றிய சில வாரங்கள் வரை ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்தே காட்டும். நான்கு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 2 கூடியிருக்க வேண்டும். கூடவில்லை என்றால் இன்னொரு சுற்று ஏற்றாமல், இரத்தம் இன்னும் போகிறதா, பி12 குறைவா, சிறுநீரகக் கோளாறா, பரம்பரையாக வரும் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாட்டின் சாயலா என்று தேட வேண்டும்.

அரியாங்குப்பம், ஒரு தாய்: 15 வயது மகள் பானையிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள். ஹீமோகுளோபின் 10.4. முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், ஆட்டுச் சுவரொட்டி எல்லாம் கொடுக்கிறேன். டிரிப்ஸ் ஏற்றலாமா?

அரிசி தின்பதற்காகத் திட்டாதீர்கள் அம்மா. இரும்பு குறைந்தவர்களுக்கு அரிசி, சாம்பல், ஐஸ் மீது அப்படி ஓர் ஆசை வருவதுண்டு, குறை தீரத் தீர அதுவும் அடங்கும். சுவரொட்டியில் நல்ல இரும்பு இருக்கிறது, கீரையும் நல்லதுதான். ஆனால் சாதாரணமாக உடல் நாளொன்றுக்கு உணவிலிருந்து ஈர்ப்பது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே என்பதால், விழுந்த பள்ளத்தை உணவால் மட்டும் நிரப்ப முடியாது. அதற்காக டிரிப்ஸும் வேண்டாம். ஃபெரிட்டின் பார்த்து உறுதி செய்துகொண்டு, மாத்திரையை டீயோடும் பாலோடும் சேர்க்காமல் கொடுங்கள். வயிறு தாங்கவில்லை என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கலாம். இடைவெளி விட்டுக் கொடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உடல் ஈர்க்கும் பங்கு கூடுகிறது. மலம் கறுப்பாகப் போகும், அது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் நிறுத்தாதீர்கள். மாதவிடாய் எத்தனை நாள், எவ்வளவு போகிறது என்பதை மகளிடம் நீங்களே தனியாகக் கேட்டு, அடுத்த முறை போகும்போது உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.