தென்சிலுவை: கரிமூட்டையும் நகைப்பெட்டியும்

கேள்வி: தென்சிலுவை நட்சத்திரக் கூட்டத்தை ஒட்டிப் பால்வீதியில் ஓட்டை விழுந்தாற்போல் ஓர் இடம் தெரிகிறது. அங்கே நட்சத்திரங்களே கிடையாதா?

பதில்: ஏராளமாக இருக்கின்றன. நமக்கும் அவற்றுக்கும் நடுவே, சுமார் 600 ஒளியாண்டு தொலைவில், தூசும் குளிர்ந்த வாயுவும் திரண்ட மேகம் மறித்து நிற்கிறது. அதுதான் கரிமூட்டை நெபுலா. அந்தத் தூசு நீல ஒளியைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். அதனால் மேகத்தைத் தாண்டி வரும் நட்சத்திர ஒளி சிவந்திருக்கும். அகச்சிவப்பில் படமெடுத்தால், மறைந்திருந்த பல நட்சத்திரங்கள் வெளிப்படும். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் பலர் வானில் காணும் ஈமு பறவைக்கு இந்த இருள்தான் தலை. இருளையே உருவமாகக் கண்ட அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: 8 அங்குல டெலஸ்கோப்பில் கரிமூட்டையைத் தேடினேன். ஒன்றும் தெரியவில்லையே?

பதில்: அதன் நீளம் ஏறக்குறைய 7 டிகிரி, அகலம் 5 டிகிரி. உங்கள் டெலஸ்கோப்பில் ஒரு சமயத்தில் ஒரு டிகிரி தெரிந்தாலே அதிகம். சுற்றியுள்ள வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் இருள் புலப்படும். நிலவில்லாத இரவில், கண் இருட்டுக்குப் பழகியபின், வெறுங்கண்ணால் பாருங்கள்.

கேள்வி: நகைப்பெட்டி எனும் நட்சத்திரக் கொத்து எங்கே இருக்கிறது?

பதில்: சிலுவையின் மிமோசா நட்சத்திரத்துக்குத் தென்கிழக்கே ஒரு டிகிரியில். இதற்குத்தான் டெலஸ்கோப் வேண்டும். 1750களின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லக்காய் இதைப் பதிவு செய்தார். பின்னர் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷல் இதைப் பல நிற மணிகள் நிறைந்த பேழையாக வர்ணித்தார்.

கேள்வி: அதன் நடுவே ஒன்று மட்டும் சிவப்பாக இருக்கிறதே, அது கிழ நட்சத்திரமா?

பதில்: வயதில் எல்லாம் ஒன்றுதான், சுமார் 1.4 கோடி ஆண்டு. நிறை கூடிய நட்சத்திரம் எரிபொருளை வேகமாகத் தீர்த்துவிடும். அது முந்திக்கொண்டு உப்பி, மேற்பரப்பு குளிர்ந்து, சிவப்பு மீப்பெரு நட்சத்திரமாகிவிட்டது. மற்றவை இன்னும் நீலமாகவே எரிகின்றன.

கேள்வி: இந்தக் கொத்து கரிமூட்டையிலிருந்து பிறந்ததா?

பதில்: இல்லை. பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தாலும், கொத்து சுமார் 6,400 ஒளியாண்டு தொலைவில், அதாவது மேகத்தைவிடப் பத்து மடங்குக்கும் அப்பால் உள்ளது. கரிமூட்டைப் பரப்பிலேயே என்.ஜி.சி. 4609 என்ற சிறு கொத்து தெரியும். அதுவும் மேகத்துக்கு வெகு பின்னால்தான். நகைப்பெட்டியைப் பார்த்த கையோடு அதையும் தேடிப் பாருங்கள்.