பால் கவரும் புதுப் பாட்டும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக் குப்பையைப் பற்றி. மீதியில் பெரும்பகுதி பாட்டைப் பற்றி. இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன் என்று ஆசிரியரிடம் கேட்டேன், சரி என்றார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே நேரத்தில்தான் நடக்கின்றன. ராத்திரி சாப்பாடு முடிந்து அடுக்களையை ஒதுக்குகிற அந்த அரைமணி நேரத்தில்தான் நான் தினமும் ஏதாவது ஒரு புதுப் பாட்டைக் கேட்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். பால்கனியில் உரத்தொட்டி வைத்தேன். பன்னிரண்டே நாளில் நாற்றம், கூடவே வெள்ளை வெள்ளையாகப் புழு. "இதைத் தூக்கிப் போடு, இல்லை என்றால் நான் ஊருக்குப் போகிறேன்" என்கிறார் மாமியார். விட்டுவிடவா? (வாசகி, வேளச்சேரி)

பதில்: விடாதீர்கள். இது தொட்டியின் கோளாறு இல்லை, ஈரம் கூடிப்போனதுதான். காய்கறித் தோலிலும் பழத்தோலிலும் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கிறது. அதை மட்டும் கொட்டிக்கொண்டே போனால் எல்லாம் அமுங்கி, காற்று போக இடமில்லாமல் அழுக ஆரம்பித்துவிடும். மக்குவதற்குக் காற்று வேண்டும், காற்றில்லாமல் அழுகினால்தான் நாறும். இன்றைக்கே ஒரு பழைய தினசரியை விரித்து, தொட்டியில் இருப்பதை மொத்தமாக அதன்மேல் கொட்டி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். தெருவில் கூட்டிக் குவித்த சருகு, நர்சரியில் கிடைக்கிற தென்னை நார்க்கழிவு, மரக்கடைத் தூள், இவற்றில் எது சுலபமாகக் கிடைக்கிறதோ அதைக் கலந்து திரும்பவும் தொட்டியில் போடுங்கள். இனிமேல் ஒரு கிண்ணம் காய்கறிக் கழிவு போட்டால் மேலே இரண்டு கிண்ணம் காய்ந்தது போட வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கையில் அழுத்திப் பாருங்கள். பிழிந்த துணி மாதிரி லேசான ஈரம் இருந்தால் சரி, சொட்டினால் இன்னும் சருகு வேண்டும். தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் வாளியில் செய்பவர்கள் பலர் துளை போட மறந்துவிடுகிறார்கள்.

புழுவைப் பற்றி மாமியாரிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது கழிவைத் தின்று உரமாக்குகிற ஒருவகை ஈயின் புழு, கடிக்காது. காய்ந்த பொருள் கூடக்கூடத் தானே குறைந்துவிடும். ஒரு கரண்டி புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் மக்குவது வேகமாகும். மீன் முள், கறி எலும்பு, எண்ணெய் மிதக்கிற குழம்பு இவற்றை பால்கனித் தொட்டியில் போடாதீர்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோலையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள், கீழே அதற்கு ஒரு வேலை சொல்கிறேன்.

இரண்டு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு உரம் கிடைக்கும். முதல் தடவை அதைக் கையில் அள்ளியதும் நான் என் மாமியாரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொன்னேன். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தன் துளசித் தொட்டிக்குக் கேட்டார். உங்கள் வீட்டிலும் துளசித் தொட்டியிலிருந்தே ஆரம்பியுங்கள்.

கேள்வி: பால் கவரைக் கழுவிப் போடுங்கள் என்கிறார்கள். தினமும் இரண்டு கவர். இதில் என்ன வந்துவிடப் போகிறது? (வாசகர், திருப்பூர்)

பதில்: வருஷத்துக்கு 730 கவர். நிறைய வரும். கழுவுவதைவிட முக்கியமானது வெட்டுகிற விதம். மூலையை முழுசாகக் கத்தரித்தால் விழுகிறதே, நகக்கண் அளவு ஒரு முக்கோணம், அதை எந்தப் பழைய பேப்பர் கடையிலும் பொறுக்கி எடுக்க மாட்டார்கள். நேரே சாக்கடைக்கோ மண்ணுக்கோ மாட்டின் வயிற்றுக்கோ போய்விடும். அதனால் முக்கால்வாசி வெட்டிவிட்டு, மூலை கவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்படி விட்டுவிடுங்கள். பால் ஊற்றிய பிறகு அதே கவரில் கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்கி, டீ போடுகிற பாத்திரத்தில் ஊற்றினால் கடைசிச் சொட்டுப் பாலும் வந்துவிடும், கவரும் கழுவியதாகிவிடும். துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். காய்ந்த கவரை எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். ஈரமும் நாற்றமுமாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள்.

கேள்வி: அம்மா, வயது 61, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எம்.எஸ்.வி., இளையராஜா தாண்டி எதுவும் மனதுக்குள் போக மாட்டேன் என்கிறது. மகள் காரில் புதுப் பாட்டு போட்டால் எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. அவளோடு உட்கார்ந்து கேட்க ஆசை. எங்கே ஆரம்பிக்க? (வாசகர், சேலம்)

பதில்: ஐயா, ஆசை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. ஒன்று யோசித்துப் பாருங்கள். 1976-ல் இளையராஜா வந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்திருப்பீர்கள். அந்தப் பாட்டுகளை நீங்கள் தேடிப் போய்க் கேட்கவில்லை. இலங்கை வானொலியில், டீக்கடையில், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அவை உங்களைத் தேடி வந்தன. ஒரே பாட்டை இருபது தடவை, முப்பது தடவை, வேண்டும் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் கேட்டீர்கள். பழகிய பிறகுதான் பிடித்தது. இப்போதைய பாட்டுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. காரில் முக்கால் நிமிஷம் கேட்டுவிட்டு, சத்தம் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

அதனால் முதலில் ஒரே ஒரு பாட்டு போதும். மகளிடம் கேளுங்கள், அவளுக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைச் சொல்லட்டும். அதை ஒரு வாரம், தினமும் ஒரு தடவை, ஹெட்போனில் கேளுங்கள். ஹெட்போன் என்று குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இப்போதைய இசையில் பாதி விஷயம் அடியில் ஓடுகிற கனத்த ஒலியில், அதாவது பேஸில் இருக்கிறது, போனின் சின்ன ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. மேலே இருக்கிற தாளச் சத்தம் மட்டும் வந்தால் இரைச்சலாகத்தானே தோன்றும்? அப்புறம், பல்லவி முடிந்ததும் வயலின்கள் எழுந்து ஒரு நீண்ட இடையிசை, அதன் பிறகு சரணம் என்ற அந்தக் கட்டமைப்பை இதில் எதிர்பார்க்காதீர்கள். பல பாட்டுகளில் மனதில் ஒட்டுகிற வரி முதல் பத்து வினாடிக்குள்ளேயே வந்துவிடும், மொத்தப் பாட்டும் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். இடையிசை இல்லை என்று ஏமாறாமல், அந்த ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்போது பின்னால் என்னென்ன மாறுகிறது என்று கவனியுங்கள். வேலை அங்கேதான் நடக்கிறது.

அடுத்தது உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்தே போகலாம். கானா கேட்டிருப்பீர்கள். அந்தக் கானாவோடு ராக்கையும் ராப்பையும் சேர்த்து 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய குழு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அதில் பாடிய இசைவாணியின் குரலைக் கேளுங்கள். ஆண்களே பாடிவந்த கானாவை ஒரு பெண் தனதாக்கிக்கொண்டது அந்தக் குரலில் தெரியும். பி.பி.சி. 2020-ல் தேர்ந்தெடுத்த 100 பெண்களில் அவரும் ஒருவர். அங்கிருந்து ராப் பாடகர் அறிவுக்குப் போங்கள். அவரும் பாடகி தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையில் 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உங்கள் காதில் எப்படியும் விழுந்திருக்கும். கல்யாண மண்டபத்தில் ஆட்டப் பாட்டாகப் போடுகிறார்களே, அதேதான். ஒரு தடவை வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இங்கே திரும்பி வந்தவர். மண்ணைப் பண்படுத்திய மனிதர்களுக்கு அந்த மண் சொந்தமாகவில்லை என்கிற துக்கம் அந்தத் துள்ளலுக்கு அடியில் ஓடுகிறது, ஒப்பாரியின் இழுப்பு நன்றாகவே கேட்கும். எனக்குப் பத்தாவது தடவைதான் அது பிடிபட்டது. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு நின்று கேட்டேன்.

ராப் என்றால் வெறும் வேகப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் செய்யுளில் எதுகை, மோனை, இயைபு படித்தோமே, அதையேதான் இவர்களும் செய்கிறார்கள். இயைபு அடியின் கடைசியில் வரும், ராப்பில் எல்லோரும் பிடித்துக்கொள்வது அதைத்தான். கெட்டிக்காரர்கள் அடியின் தொடக்கத்தில் எதுகையையும் வைத்து இரண்டு பக்கமும் பூட்டுவார்கள். தமிழ் ராப்பைப் பெரிய கூட்டத்துக்குக் கொண்டுபோனவர்களில் மலேசியாக்காரர்கள் முக்கியமானவர்கள். யோகி பி-யும் நட்சத்ரா குழுவும் 2006-லேயே ஒரு முழு ஆல்பம் போட்டார்கள்.

இதெல்லாம் வேண்டாம், மெலடிதான் வேண்டும் என்றால் பிரதீப் குமார், ஷான் ரோல்டன் இருவரையும் கேளுங்கள். ஷான் ரோல்டன் யார் தெரியுமா? சரித்திர நாவல் எழுதிய நம் சாண்டில்யனின் பேரன். இதை மகளிடம் நீங்கள் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிந்திருக்காது.

கேள்வி: நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டுகிறார்கள். பிறகு எதற்கு இந்தப் பாடு? (பெயர் வேண்டாம் என்று எழுதியவர், ஒரு நகராட்சி)

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. எங்கள் தெருவிலும் ஆறு மாதம் இதே கதைதான், மனு கொடுத்து அலைந்தோம். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளிலேயே மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேட்டுக்கொண்டே இருங்கள். ஆனால் அதுவரை சும்மா இருக்காதீர்கள். ஈரக் கழிவை மட்டும் வீட்டை விட்டு வெளியே விடாதீர்கள். அது வீட்டிலேயே மக்கிவிட்டால் மீதி காய்ந்த கழிவு, அதில் பெரும்பகுதி பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். வண்டிக்காரர் கலப்பதற்கு உங்கள் வாளியில் ஏதும் இருக்காது.

ஈரக் கழிவில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பது ஏன் என்றால், மலையாகக் குவித்த குப்பைக்குள் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது, அது எரியக்கூடிய வாயு. 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடிக் கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், நீர்ப்பறவைகள் வந்து தங்குகிற இடம். நம் வீட்டு வாழைப்பழத் தோல் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: எலுமிச்சைத் தோல், பீர்க்கங்காய்த் தோல், தர்பூசணிப் பட்டை, இதையெல்லாம் என்ன செய்வது? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: பீர்க்கங்காய்த் தோல் துவையல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு. இதெல்லாம் உங்கள் அம்மாவுக்கே தெரிந்திருக்கும், கேளுங்கள். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் 3 பங்கு, வெல்லம் 1 பங்கு, தண்ணீர் 10 பங்கு, இதை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் கால்வாசி இடம் விட்டு ஊற்றி மூடி, மூன்று மாதம் வைத்தால் தரை துடைக்கிற திரவம் தயார். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கலாம்.

கேள்வி: அப்பா விட்டுப் போன கேசட் முந்நூறு இருக்கிறது. போடவும் மனசில்லை, வைக்கவும் இடமில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: சினிமாப் பாட்டுக் கேசட் பெரும்பாலானவற்றின் பாட்டுகள் இணையத்தில் இருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கையால் எழுதி ஒட்டிய கேசட்டுகளை முதலில் பிரித்தெடுங்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த நாதஸ்வரம், கோயில் திருவிழாக் கச்சேரி, ஒருவேளை அப்பாவின் குரலேகூட அதில் இருக்கலாம், உலகத்தில் வேறெங்கும் அதற்குப் பிரதி கிடையாது. நீண்ட நாள் கிடந்த டேப்பை உடனே ஓடவிடாமல் ஒரு தடவை முழுசாக முன்னும் பின்னும் சுற்றிவிடுங்கள், ஒட்டியிருந்தால் பிரியும். பிளேயரில் டேப் உரசிப் போகிற ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர், 'ஆடாசிட்டி' என்கிற இலவச மென்பொருள், இவ்வளவு போதும். ஒரு மணி நேரக் கேசட் பதிவாக ஒரு மணி நேரம் ஆகும், அதனால் வாரத்துக்கு இரண்டு என்று வையுங்கள். மற்றதை எடைக்குப் போடுவதற்கு முன்னால் சேகரிப்பவர்கள் யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள், இருக்கிறார்கள்.

கேள்வி: ஹாஸ்டலில் இருக்கிறேன் அக்கா. நாள் முழுக்க வீடியோவில்தான் பாட்டு ஓடும், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படிப்பேன். வருஷத்துக்கு மூன்று இயர்போன் உடைகிறது. இதுவும் வேஸ்ட்தானே? (கல்லூரி மாணவி, கோவை)

பதில்: ஆமாம்மா, பார்க்காத படத்துக்கு டேட்டாவும் பேட்டரியும் போகிறது. ஒலி மட்டும் என்றால் சாதாரணத் தரத்தில் நிமிஷத்துக்கு 1 எம்.பி. அளவுதான் ஆகும், வீடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு. திரும்பத் திரும்பக் கேட்கிற பாட்டை ஒரு தடவை இறக்கி வைத்துக்கொள். தானாக அடுத்த பாட்டுக்குப் போகிற வசதியை வாரத்தில் ஒரு நாளாவது அணைத்துவிட்டு, ஒருவருடைய ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டுப் பார். யார் எழுதினார்கள், யார் வாசித்தார்கள் என்று பெயர்களையும் படி, அடுத்து யாரைக் கேட்பது என்று அதிலிருந்தே தெரியும்.

இயர்போனுக்கு வருகிறேன். ஒயர் இல்லாத குட்டி இயர்போனில் பேட்டரியை உள்ளே ஒட்டி மூடிவிடுகிறார்கள், அது செத்தால் மொத்தமும் குப்பை. ஒயர் வைத்தது வாங்கு. அது பெரும்பாலும் போனில் சொருகுகிற பின்னுக்குப் பக்கத்தில்தான் அறுகிறது, காதில் வைக்கிற பகுதி நன்றாகத்தான் இருக்கும். ஒரு காது கேட்கவில்லை என்று சென்னை ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி ஒயரை இரண்டங்குலம் நறுக்கி, புதுப் பின் வைத்துப் பற்றவைத்து, பத்து நிமிஷத்தில் கையில் கொடுத்தார். நாலு வருஷமாக அதில்தான் கேட்கிறேன். உங்கள் ஊரிலும் போன் ரிப்பேர் கடைகளில் பற்றவைக்கத் தெரிந்தவர் இருப்பார், உடைந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போ.