கூண்டில் ஏறாத கம்பெனி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மத்திய அமெரிக்க நாடான ஹொண்டுராஸின் மிஸ்கிட்டோ பழங்குடி முக்குளிப்பாளர்கள் வழக்கின் தீர்ப்பை உங்கள் உரையில் பாராட்டினீர்கள். அமெரிக்க நாடுகளுக்கான மனித உரிமை நீதிமன்றம் அதில் பொறுப்பாக்கியது ஹொண்டுராஸ் அரசைத்தான், கம்பெனிகளை அல்ல. இது பாதி நீதிதானே? மனித உரிமை மீறலுக்குக் கம்பெனிகளையே பொறுப்பாக்கும் ஐரோப்பாவின் 2024 சட்டம் போன்றவைதான் சரியான வழி இல்லையா?

கயல்விழி

அன்புள்ள கயல்விழி,

ஐரோப்பியச் சட்டம் மிகப்பெரிய கம்பெனிகளுக்கானது. படகு முதலாளிக்கு அது எட்டாது, விடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது தூத்துக்குடி அண்ணாச்சி ஒருவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. என்ன ஆச்சு என்று கேட்டேன். கோலி சோடா ஒன்றை வாங்கிவரச் சொல்லி, கட்டைவிரலால் குண்டை அழுத்தினார். நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. "இதாம்ல என் ரத்தம்" என்றார். ஆழத்தின் அழுத்தத்தில் ரத்தத்தில் கரையும் நைட்ரஜன், அவசரமாக மேலே வந்தால் இப்படித்தான் குமிழியாகும். முதுகுத்தண்டைத் தாக்கும்.

ஹொண்டுராஸில் சிங்கி இறாலுக்காகக் குளித்த மிஸ்கிட்டோக்களுக்கும் இதே கதிதான். பிடித்த எடைக்குத்தான் கூலி. அப்புறம் எவன் நிதானமாக மேலே வருவான்? வழக்கில் 42 பேர். 34 பேர் முக்குளிக்கையில் விபத்துக்குள்ளானவர்கள். 7 பேர் கேஸ் சிலிண்டர் வெடித்துப் படகோடு எரிந்தார்கள். ஒரு பையனைச் சின்ன ஓடத்தில் கடலில் விட்டுவிட்டார்கள், அவன் திரும்பவேயில்லை. 2004இல் கொடுத்த மனுவுக்கு 2021 ஆகஸ்டில்தான் தீர்ப்பு. அதுவும் அரசு பொறுப்பை ஒப்புக்கொண்டு செய்த சமரசத்தை ஏற்ற தீர்ப்பு.

பாதி நீதி என்கிறீர்களே, கோபம்தான் வருகிறது. அந்த நீதிமன்றத்தில் அரசுகளைத்தான் விசாரிக்க முடியும் என்பதையாவது பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். படகுக்கு லைசென்ஸ் கொடுத்தது யார்? கிளம்புமுன் சோதித்திருக்க வேண்டியது யார்? கால் மரத்துப்போய்க் கரை சேர்ந்தவனுக்கு, அந்தக் குமிழிகளைக் கரைக்கும் சிகிச்சைக்கான அழுத்த அறை வைத்திருக்க வேண்டியது யார்? கம்பெனி போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த துறைமுகம் போய்விடும். அரசு எங்கே ஓடும்? கம்பெனிகளும் மனித உரிமையை மீறக்கூடாது, அதை அரசு சட்டம் போட்டுக் கண்காணிக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. முதலில் அதைப் படியுங்கள், தாயி. ஆசியாவுக்கென்று இப்படியொரு மனித உரிமை நீதிமன்றமே கிடையாது. நீங்கள் கோபப்பட வேண்டியது அதற்கு.

அன்று அண்ணாச்சியிடம் நானும் உங்களைப் போலத்தான், முதலாளிமேல் கேஸ் போடலாமே என்றேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அவன் படகையே வித்துட்டுப் போயிட்டாம்ல."