பனி பேயலீன்னா மலை ஊர்க்காரங்க பொழப்பு என்னாகும்? கேள்வி பதில்

நம்ம பக்கத்துல இருந்து காஷ்மீர், மணாலின்னு டூர் போறவங்க நெம்ப ஆயிட்டாங்க, அதனால வந்த கேள்விக்கெல்லாம் இங்கயே பதில் சொல்லிடறேனுங்க.

திருப்பூர்ல இருந்து: அண்ணா, ஜனவரில காஷ்மீர்ல இருக்கற குல்மார்க் போனா பனி இருக்குமுங்களா?

உறுதி சொல்ல முடியாதுங்க. 2024 ஜனவரில அங்க வெறும் காஞ்ச புல்லுதான் கெடந்துச்சு. 2025ல கேலோ இந்தியா குளிர்கால போட்டியவே பனி பத்தாம பிப்ரவரில இருந்து மார்ச்சுக்குத் தள்ளுனாங்க. மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வர்ற காத்துச் சுழற்சிதான் அங்க பனியக் கொண்டாருது, அது லேட்டாவோ வலு இல்லாமயோ வந்தா அவ்வளவுதான். பிப்ரவரிக்கு மாத்திக்குங்க, கோண்டோலாங்கற கேபிள் கார்ல ரெண்டாவது கட்டத்துல 3,900 மீட்டருக்கு மேல போனா பனி பாக்க வாய்ப்பு ஜாஸ்தி.

கோபில இருந்து: மெஷின் வெச்சு பனி செஞ்சுக்கலாமில்லீங்களா?

செய்யலாந்தான். தண்ணிய பொடிப்பொடியா காத்துல பீச்சுவாங்க, கீழ விழறதுக்குள்ள அது உறைஞ்சிரும். ஆனா அதுக்கே மைனஸ் 2 டிகிரி பக்கம் குளிர் வேணும், தண்ணியும் கரண்டும் வேற எக்கச்சக்கமா வேணும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் அப்படித்தான் நடந்துச்சு, அத்தனை காசு ஒரு மலை கிராமத்துக்கு ஏது? உத்தராகண்ட்ல இருக்கற ஔலில 2011 தெற்காசிய குளிர்கால போட்டிக்கு மெஷின் வாங்கிப் போட்டாங்க, அப்படியும் 2023ல பனி இல்லாம தேசிய போட்டி ரத்தாயிருச்சுங்க.

பொள்ளாச்சில இருந்து: அப்ப அந்த மலை ஊர்க்காரங்க என்னதாங்க பண்ணோணும்?

பனி ஒண்ணையே நம்பக்கூடாதுங்கக்கா. காங்கேயம் பக்கம் மழை பொய்ச்சாலும் கொறங்காடுங்கற மேய்ச்சல் நெலமும் மாடும் வெச்சுத்தான குடும்பம் தள்ளுறாங்க, அந்த மாதிரி ரெண்டாவது வருமானம் வேணும். பிரான்ஸ்ல மெத்தாபியேஃப்னு ஒரு ஊரு, 2030-35 வாக்குல ஸ்கீயிங்கற பனிச்சறுக்க நிறுத்தறதுக்கு இப்பவே திட்டம் போட்டு சைக்கிள் பாதை, நடைபாதைன்னு மாறிட்டு வர்றாங்க. இதுல எனக்கு ஒரு பெரிய வெசனம் இருக்குதுங்க, மாத்தம்னாலே புதுசா ஹோட்டல் கட்டறதுன்னு நெனச்சிக்கறாங்க, ஆனா குல்மார்க்ல டூரிஸ்ட மரப்பலகைல உக்காத்தி கயிறு கட்டி இழுத்து கூலி வாங்கறாரே, அவருக்கு பனி இல்லீன்னா அன்னைக்கு அடுப்பு எரியறதே கஷ்டம். அவருக்கு ட்ரெக்கிங் கைடு பயிற்சியும், வீட்டுலயே ஹோம்ஸ்டே போட சின்ன லோனும் கெடைக்கோணும். ஹோட்டலுக்கு குடுக்கற சலுகைல கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலே போதும்.

உடுமலைல இருந்து: நாங்க என்ன செய்யலாமுங்க?

பனி இல்லாத மாசத்துலயும் போங்க. காலாண்டு லீவுல போனீங்கன்னா ஆப்பிள் அறுவடை நேரம், கொழந்தைங்களுக்கும் புடிக்கும். ஹோம்ஸ்டேல தங்குங்க, கைடுக்கு கூலி பேரம் பேசாம குடுங்க. பனி இல்லீன்னு கடைசி நிமிசத்துல கேன்சல் பண்றதுக்குப் பதிலா தேதி மாத்தித் தரச் சொல்லுங்க, அதுக்கு ஒத்துக்கற எடமாப் பாத்து புக் பண்ணுங்க.