ஆண்டின் நடுவில் சேர்ந்த பகுதிநேர ஊழியருக்கு எத்தனை நாள் விடுப்பு?

லண்டனில் ஒரு கடையில் செவ்வாய், புதன், வியாழன் மட்டும் வேலை. செப்டம்பர் 1 அன்று சேர்ந்தீர்கள். டிசம்பர் முடியும்வரை 4 நாள்தான் சம்பள விடுப்பு என்கிறார் மேலாளர். அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. உங்களுக்கு 6 நாள் வர வேண்டும். சிறு கடைகளுக்குச் சம்பளக் கணக்கு பார்ப்பவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் சட்டம் தரும் விடுப்பு ஆண்டுக்கு 5.6 வாரம். ஐந்து நாள் வேலை செய்பவருக்கு அது 28 நாள். மூன்று நாள் வேலை செய்யும் உங்களுக்கு 16.8. கடையின் விடுப்பு ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது என்கிறீர்கள். அப்படியானால் நான்கு மாதப் பங்கு 5.6 நாள். வேலையின் முதல் ஆண்டில், அரை நாளைத் தாண்டும் மிச்சத்தை முழு நாளாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆக, 6.

மேலாளர் செய்தது என்ன? முழுநேர ஊழியருக்கு 20 நாளும் எட்டு பேங்க் ஹாலிடேயும் (அரசு பொது விடுமுறை நாள்கள்) என்று ஒப்பந்தம். அந்த 20-இல் ஐந்தில் மூன்று பங்கு 12, அதில் நான்கு மாதத்துக்கு 4 என்று போட்டுவிட்டார். பேங்க் ஹாலிடே கணக்கிலேயே வரவில்லை! இங்கிலாந்தில் அந்த எட்டில் நான்கு வழக்கமாகத் திங்களன்றும், புனித வெள்ளி வெள்ளியன்றும் வருகின்றன. உங்கள் வேலை நாள்களில் இந்த ஐந்தும் விழாது. மற்றவர் சம்பளத்தோடு வீட்டில் இருக்க, உங்களுக்கு ஒன்றுமில்லை என்றாகிறது. பகுதிநேரம் என்ற காரணத்துக்காக ஒருவரைத் தாழ்வாக நடத்தக் கூடாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்துவிட்டன. ஆனால் ஒன்று: கிறிஸ்துமஸ் உங்கள் வேலை நாளில் வந்து, கடையை மூடிச் சம்பளமும் கொடுத்தால், அந்த ஒரு நாளை இந்த ஆறில் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.

வாரத்துக்கு வாரம் வேலை நேரம் மாறுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் விடுப்பு ஆண்டுகளில், உழைத்த மணிநேரத்தில் 12.07 சதவீதம் விடுப்பாகச் சேரும். நூறு மணிநேரம் உழைத்தால் ஏறக்குறைய 12 மணிநேரம்.

இரண்டு நாள்தானே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அது நீங்கள் உழைத்துச் சேர்த்த சம்பளம். மேலே உள்ள கணக்கை அப்படியே மேலாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிப் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். அவர் இறங்கி வராவிட்டால், வேலைத் தகராறுகளில் ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) என்ற பொது அமைப்பின் உதவி எண்ணை அழையுங்கள், ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. நடுவில் வேலையை விட்டாலும், அதுவரை சேர்ந்து எடுக்காமல் இருக்கும் நாள்களுக்குக் கடைசிச் சம்பளத்தோடு பணம் தந்தாக வேண்டும்.