ரில்கேயின் ஓர்ஃபியஸ்: கேள்வி பதில்

கேள்வி: ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் ‘ஓர்ஃபியஸுக்கான சானெட்டுகள்’ (கிரேக்கத் தொன்மத்தின் பாடகன் ஓர்ஃபியஸை நோக்கிய 14 வரிப் பாடல்கள்) படிக்கத் தொடங்கினேன். கதையே பிடிபடவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: கதை தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்ட பாடல்கள் அவை. முதலில் பழைய ரோமக் கவிஞர் ஓவிடின் ‘உருமாற்றங்கள்’ நூலில் 10, 11ஆம் காண்டங்களின் தொடக்கத்தைப் படித்துவிடுங்கள். பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடிசியை ஓர்ஃபியஸ் பாடியே பாதாளத்திலிருந்து மீட்பதும், நிபந்தனையை மீறித் திரும்பிப் பார்த்து இழப்பதும் முன்னதில் உண்டு. பெண்கள் கூட்டமொன்று அவனைப் பிய்த்தெறிய, தலையும் யாழும் ஆற்றோடு போய் லெஸ்போஸ் தீவில் ஒதுங்குவது பின்னதில். பிறகு சானெட்டுகளுக்கு வாருங்கள்: முதல் பகுதியில் 1, 3, 9, 26. இரண்டாம் பகுதியில் 12, 13, 29. ஒரு நாளைக்கு இரண்டு போதும், வாய்விட்டுப் படியுங்கள். 55 பாடல்களையும் ஒரே மூச்சில் படித்தால் மரம், ரோஜா, மூச்சு எல்லாம் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

கேள்வி: இது வேரா என்ற பெண்ணுக்கான இரங்கற்பாதானே?

பதில்: நூல் அவள் நினைவுக்கே படைக்கப்பட்டது. நடனக்காரி வேரா 1919இல், 19 வயதில், ரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அந்த நோய்க்காலம் பற்றித் தாய் எழுதிய குறிப்புகள் 1922 தொடக்கத்தில் ரில்கேயின் கைக்கு வந்தன. பிப்ரவரியில், சுவிட்சர்லாந்தின் முஸோட் மாளிகையில், முதல் பகுதியின் 26 பாடல்கள் நான்கே நாளில் பிறந்தன. இரண்டாம் பகுதியின் 29 பாடல்களும் அதே மாதத்தில். ஆனால் நேராக வேராவைப் பற்றியவை இரண்டுதான்: ஒவ்வொரு பகுதியிலும் கடைசிக்கு முந்தையது. மற்றவற்றிலும் அவளைத் தேடினால் பாடல் சுருங்கிப்போகும்.

கேள்வி: யூரிடிசி ஏன் கண்ணில் படுவதே இல்லை?

பதில்: அவள் கதையை 1904இலேயே ஒரு நெடுங்கவிதையில் எழுதிவிட்டார். ‘அவன் திரும்பிப் பார்த்துவிட்டான்’ என்று அவளை அழைத்துவரும் தூதுக் கடவுள் ஹெர்மிஸ் சொல்ல, அவள் ‘யார்?’ என்று கேட்கும் இடம் அதில்தான். சாவு அவளை அவ்வளவு நிறைத்திருக்கிறது. சானெட்டுகளில் அவள் பெயர் இரண்டாம் பகுதியின் 13ஆம் பாடலில் வருகிறது. எல்லாப் பிரிவுக்கும் முந்திக்கொள், அது ஏற்கெனவே கழிந்துவிட்டதைப் போல இரு என்கிறது அந்தப் பாடல். யூரிடிசிக்குள் எப்போதும் இறந்தவனாய் இரு என்கிறது. ஒலித்தபடியே உடைந்துபோன கண்ணாடிக் கிண்ணமாய் இரு என்கிறது. காதலியை மீட்கத் தவறியவனின் புலம்பலாக இதை வாசிப்பதுதான் பெரிய தவறு. இழப்பை முன்கூட்டியே ஏற்றவனுக்குத்தான் புகழ்ந்து பாடும் உரிமை என்பதே ரில்கேயின் பிடிவாதம். என் கணக்கில் நூலின் உச்சமும் இதுவே.

கேள்வி: ஜெர்மன் தெரியாது. எந்த ஆங்கில மொழிபெயர்ப்பு?

பதில்: லெய்ஷ்மன் வரியிறுதி இயைபைக் காக்கிறார், அதற்காகச் சில இடங்களில் வாக்கியம் முறுக்கிக்கொள்ளும். எட்வர்ட் ஸ்னோ பொருளோடு நெருங்கி நடக்கிறார். இரண்டையும் அருகருகே வையுங்கள்.

கேள்வி: நானும் தொன்மத்தை வைத்து எழுதுகிறேன். கதைச்சுருக்கமாகவே முடிகிறது.

பதில்: முழுக் கதையையும் தூக்குவதால் வரும் கோளாறு. ஒரே கணத்தை எடுங்கள், அதற்கு முந்தியதை விளக்காதீர்கள். ரில்கேயின் முதல் பாடலில் காட்டு விலங்குகள் பாட்டைக் கேட்கின்றன, அவ்வளவுதான்; பாதாளமும் இல்லை, மனைவியும் இல்லை. பெயரை ஒருமுறை சொன்னால் போதும். 14 வரி வடிவம் என்றால் 4-4-3-3 பிரிவில், எட்டாம் வரிக்குப் பின் பேச்சின் திசை மாறட்டும். ‘மரணம்’, ‘கலை’ என்ற சொற்களை முதல் வரைவிலேயே அடித்துவிட்டு, அந்த இடத்தில் கையால் தொடக்கூடிய ஒரு பொருளை வைத்துப் பாருங்கள்.